கடல் பார்க்க வாங்கிய வண்டி

மனிதன் வீட்டைக் கட்டியதே அதைவிட்டு வெளியே போவதற்காகத்தான் என்ற உண்மை எங்கள் தெருவுக்குச் சென்ற வருடம்தான் தெரியவந்தது. முதலில் பல் டாக்டர் ஒரு கேம்பர் வேன் வாங்கினார். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ளேயே அடங்கிய வண்டி. அடுத்து மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அதற்கடுத்து, வண்டியே ஓட்டத் தெரியாத கணக்கு வாத்தியார். வேன் இல்லாதவர்களைத் தெருவில் நலம் விசாரிக்கும் குரலே மாறிவிட்டது. என் அத்தானுக்கு ரோஷம் அதிகம்.

அக்காவுக்கு ரோஷமெல்லாம் கிடையாது. மருந்துக்கடையில் நின்றுகொண்டே வயதைக் கழித்தவள். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. ஒருநாளாவது கண் விழித்ததும் ஜன்னலில் கடல் தெரிய வேண்டும்.

"உங்க வீட்ல இருக்கிற எல்லாமே இதுல இருக்கு சார்" என்றார் வேன் விற்பவர்.

"அப்ப வீட்லயே இருந்துக்கலாமே?" என்றேன். என்னை யாரும் சட்டை செய்யவில்லை.

அத்தான் தேர்ந்தெடுத்த வண்டியில் கட்டிலை மடக்கினால்தான் மேஜை விரியும். மேஜையை மடக்கினால்தான் கழிவறைக் கதவு திறக்கும். ஆத்திரம் அவசரத்துக்கு ஆகாது. அக்கா அதையெல்லாம் பார்க்கவில்லை. கட்டிலில் படுத்து, ஜன்னல் பக்கம் திரும்பி, "இது போதும்" என்றாள்.

வண்டியை வாசலில் நிறுத்த வாகன நிறுத்தத் துறையின் அனுமதி வேண்டும். அத்தான் நடையாய் நடந்து அதையும் வாங்கிவிட்டார். வண்டிக் கண்ணாடியில் அனுமதி வில்லையை ஒட்ட ஓர் ஆய்வாளர் நேரில் வந்தார். கழுத்தில் அளவு நாடா, முகத்தில் அரசாங்கம்.

"இந்த இடம் உங்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஆனா, காலியா இருக்கிறதப் பார்த்தோம்னா தேவையில்லாத இடமாக் கருதி, தேவைப்படுறவங்களுக்குக் கொடுத்துடுவோம்."

"அப்ப நாங்க கடலுக்குப் போகணும்னா?" என்று அக்கா கேட்டாள்.

"தாராளமாப் போங்கம்மா. வண்டிய எடுத்துட்டுப் போகாதீங்க."

"சரி, வண்டி இங்கயே நிக்கட்டும்" என்றார் அத்தான்.

"சும்மா நின்னா கைவிடப்பட்ட வண்டி. இழுத்துட்டுப் போயிடுவோம். உபயோகத்துல இருக்கணும்."

"ஓட்டணுமா?"

"ஓட்டினா இடம் போயிடும் சார். உள்ள குடியிருக்கணும்."

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று அத்தானுக்குத் தோன்றியது. அன்றைக்கே தலையணைகளோடு வண்டிக்குக் குடிபோனார்கள். தெரு முழுக்க அப்படித்தான். அக்கா கண் விழித்ததும் ஜன்னலில் எங்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் தெரிந்தது. அத்தான் திரைச்சீலையைப் படம் பிடித்து, 'பயணம் என்பது ஒரு மனநிலை' என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பினார். அடுத்த வேனில் படுத்திருந்த பல் டாக்டர், 'இப்போது எங்கே இருக்கிறீர்கள்?' என்று பதில் போட்டார். அக்கா மட்டும் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பாவமாக இருந்தது.

கொஞ்ச நாளில் அதே ஆய்வாளர் மறுபடி வந்தார். இந்தத் தடவை வீட்டுப் பயன்பாட்டுத் துறை சார்பாக.

"இந்த வீட்ல யாரும் குடியிருக்கலையா?"

"நான் மாடியில இருக்கேனே" என்றேன்.

"நீங்க வீட்டுக்காரருக்கு என்ன வேணும்?"

"மச்சான்."

"மச்சான் குடியிருப்பவர் ஆக மாட்டார். வந்து தங்கியிருப்பவர்."

அரசாங்கத்தின் இந்த ஒரு விதியை மட்டும் அத்தான் மனதார ஆமோதித்தார்.

"இப்ப சொல்லுங்க சார். வீட்ல குடியிருக்கீங்களா? அப்படின்னா வண்டி கைவிடப்பட்டது. வண்டியில குடியிருக்கீங்களா? அப்படின்னா வீடு கைவிடப்பட்டது. எது வேணும்?"

"வீடுன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

"உனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த இடத்துக்கு நான் எவ்வளவு அலைஞ்சிருக்கேன்!" என்ற அத்தான், ஆய்வாளர் பக்கம் திரும்பி நெஞ்சை நிமிர்த்தினார். "வண்டி."

தெருவில் எல்லா வாசலிலும் அதே பதில்தான் வந்தது. கைவிடப்பட்ட வீடுகளை அகற்றி, வண்டி நிறுத்தும் இடமாக்க உத்தரவாயிற்று. தெருவே கைதட்டியது. இடிக்க வந்த இயந்திரத்தை நிறுத்தத்தான் இடமில்லை. அதைக் கணக்கு வாத்தியாரின் வீட்டுமேலேயே நிறுத்தினார்கள். பாதி வேலை அப்போதே முடிந்துவிட்டது.

எல்லாம் தரைமட்டமானதும் ஆய்வாளர் வந்து வில்லைகளைச் சுரண்டி எடுத்தார். "இந்த அனுமதி தெருவுல வீடு உள்ளவங்களுக்கு மட்டும்தான்."

இப்படியாக, அரசின் இடைவிடாத முயற்சியால், அக்கா ஒருவழியாகக் கடலுக்குப் புறப்பட்டாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. கிடைத்த சந்தில் செருகிக்கொண்டோம்.

விடிந்ததும் அக்கா ஆசையோடு திரையை விலக்கினாள். எதிரே ஒரு வேனின் முதுகு. அதற்கு முன்னால் இன்னொரு முதுகு. கரை நெடுக வேன். முதல் வரிசையில் கடலை மறைத்துக்கொண்டு நின்ற வேனிலிருந்து, பல் துலக்கியபடி தலையை நீட்டியவர் நம் ஆய்வாளர்.

"நீங்க எப்படி இங்க?" என்றார் அத்தான்.

"எங்க தெருவையும் நானேதான் ஆய்வு பண்ண வேண்டியிருந்துச்சு."

"வண்டியக் கொஞ்சம் நகர்த்துங்களேன், ஒரு தடவை பார்த்துக்கிறேன்" என்றாள் அக்கா.

"நகர்ந்தா இடம் போயிடும்மா."

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினாள். வேன்களுக்கு நடுவே புகுந்து மணலில் நடந்தாள்.

"ஏய், எங்க போற? ஆளில்லாத வண்டின்னு எழுதிடப் போறாங்க!" என்று அத்தான் அலறினார். அவள் திரும்பவே இல்லை.

நானும் கூடப் போயிருப்பேன். ஆனால் வீடு போன கையோடு நானும் சின்னதாக ஒரு வேன் வாங்கியிருந்தேன், இடமும் நல்ல இடமாக அமைந்துவிட்டது. இருந்த இடத்திலிருந்தே கழுத்தை நீட்டி, "கடல் எப்படிக்கா இருக்கு?" என்று கத்தினேன்.

கரை நெடுக ஜன்னல்கள் திறந்தன. ஆய்வாளர்கூட வாய் நுரையோடு எட்டிப் பார்த்தார். அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம்.