நாலு மணிப் பேச்சுத்துணை

நான் தனிமையில் வாடுவதென்று முடிவு செய்தேன். வேறு வழியில்லை. நாலு மணி டீ கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது.

காரணம் பேச்சுத்துணைத் திட்டம். ஒரு தொண்டு நிறுவனம் வேப்பந்தட்டைக்கு வந்து, பெரியவர்களுக்கு மாத்திரையைவிடப் பேச ஆள்தான் தேவை என்று கூட்டம் போட்டுச் சொன்னது. தெருவுக்கு ஒருவர், சாயங்காலம் முதியவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேச வேண்டும். எங்கள் தெருவுக்கு என் மனைவி செங்கமலம். மதியத் தூக்கம் கலைந்ததும் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். தெரு நலமாக இருந்தது. எனக்கு ஃப்ளாஸ்க்கில் டீ இருந்தது. நான் அரியலூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எத்தனையோ பஸ் ஸ்டாண்டு டீ குடித்திருக்கிறேன். இது அதற்கும் கீழே.

திட்டத்தை நடத்திய பானுப்ரியா வெளியூர்ப் பெண். தெருவில் யார் யாருக்கு என்ன உறவு என்று அவளுக்குத் தெரியாது. அவளிடம் போய், "வூட்ல பேசக்கூட ஆளில்லம்மா" என்றேன். கண்ணையும் துடைத்துக்கொண்டேன். உடனே சேர்த்துக்கொண்டாள். இனி செங்கமலம் நாலு மணிக்கு என் எதிரில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அவள் வீட்டில் இருந்தால் டீயும் இருக்கும்.

மறுநாள் நாலு மணிக்குச் செங்கமலம் கொல்லைக் கதவு வழியாக வெளியே போனாள். சுற்றிக்கொண்டு வந்து வாசல் கதவைத் தட்டினாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது.

"உள்ள வரலாங்களாய்யா?"

"என்னடி கூத்து இது? மொதல்ல டீயப் போடு."

"போற வூட்ல நாங்க அடுப்படிக்குள்ள நுழையக்கூடாதுங்க. பெரியவங்க கையால குடுத்தா வாங்கிக்குவோம். நம்மாலயும் ஒருத்தருக்கு ஆவுதேன்னு அவங்களுக்குத் தெம்பு வருமாம். மேடம் சொல்லியிருக்காங்க."

தெம்பில்லாமல் எழுந்தேன்.

"டீத்தூள் எங்க இருக்கு?"

"எனக்கெப்படிங்க தெரியும்? நான் வெளியாளு."

கடுகைத் திறந்தேன். கசகசாவைத் திறந்தேன். டீத்தூள் ஊறுகாய் பாட்டிலில் இருந்தது. அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது. வெளியாள் நகரவில்லை.

டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தாள்.

"பேசக்கூட ஆளில்லன்னு சொன்னீங்களாமே. வூட்டம்மா இல்லீங்களா?"

"இருக்கா."

"கொடுமைக்காரியோ?"

இதற்கான பதில் ராத்திரிச் சோற்றில் தெரியும். "தங்கமானவ" என்றேன்.

"அப்ப தனிமைன்னது பொய்யிங்களா? மேடத்துக்கிட்ட சொல்லிடட்டா?"

பானுப்ரியா முன்னால் பொய்யனாக நிற்பதைவிட டீ போடுவது சுலபம். தனிமைதான் என்றேன். ரொம்பவா என்று கேட்டாள். ரொம்ப என்றேன்.

அடுத்த நாள் கதவைத் தட்டியது ஒரு கை இல்லை, பல கைகள். திறந்தால் தெருவின் பெரியவர்கள் அத்தனை பேரும் நின்றார்கள். ஊன்றுகோலோடு பஞ்சநாதன். அவருக்குப் பின்னால் எண்பதைத் தாண்டி, ஆள் அடையாளம் மறக்க ஆரம்பித்த மூலைவீட்டுப் பொன்னாயி. எல்லோருக்கும் முன்னால் அடையாள அட்டை.

"வூடு வூடா நான் அலையறதுக்கு எல்லாரும் இங்கயே கூடிட்டா நல்லதுங்களேய்யா. உங்களுக்கும் ரொம்பத் தனிமை. மேடமும் சரின்னுட்டாங்க" என்றாள் செங்கமலம்.

ஆயுள் முழுக்க பஸ்ஸில் 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கத்தியவன் நான். அன்று நான் சொல்லாமலே எல்லோரும் உள்ளே போனார்கள். பஞ்சநாதனுக்குச் சர்க்கரை கூடாது. இன்னொருவருக்குப் பால் கூடாது. செங்கமலத்துக்கு இஞ்சி தட்டிப் போட வேண்டுமாம். பொங்கலுக்கு மட்டும் இறக்கும் பெரிய பாத்திரத்தைப் பரணிலிருந்து நானே இறக்கினேன்.

இரண்டாவது டம்ளருக்குக் கை நீட்டிய பொன்னாயி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, ஒரு பொண்டாட்டின்னு இருந்திருந்தா உனக்கு இந்தக் கஷ்டம் வருமா?"

கூட்டத்தில் முதலில் 'உச்' கொட்டியவள் செங்கமலம்.