கட்டம் கட்டமாய் ஒரு பத்திரிகை

கிரகப்பிரவேசப் பத்திரிகையில் ஓர் எழுத்துகூட இல்லை. கம்ப்யூட்டர் திரை முழுக்க வரிசை வரிசையாகக் காலிக் கட்டங்கள்.

காலையில் பிரிண்டரில் காகிதம் சிக்கி, ரஞ்சிதம் தன் வீட்டு மொழியான தெலுங்கில் அதை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி திட்டிக்கொண்டிருந்தபோதுதான் பள்ளிப்பட்டு கஜபதி அவளுடைய பிரிண்டிங் கடைக்குள் வந்தார்.

"பத்திரிகைய சம்மந்தியே டைப் அடிச்சுக் குடுத்தாரும்மா. எரநூறு காப்பி. மலைக் கோயிலுக்குப் போயி மொட்டை போட்டுகினு அஞ்சு மணிக்கு வந்துட்றேன்" என்று பென்டிரைவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது எதிர்க்கடை நவீன்குமார் வாசலில் வந்து நின்றான். வைரஸ் தொல்லை பொறுக்காமல் அவள் கம்ப்யூட்டரை லினக்ஸுக்கு மாற்றியதிலிருந்து அவளைச் சீண்டுவதுதான் அவனுக்குப் பொழுதுபோக்கு.

"இன்னாக்கா, கட்டமா வந்துகினு இருக்குதா? எங்கிட்ட குடு. ரெண்டு நிமிசத்துல அடிச்சுத் தர்றேன்."

"உன் கடைப் படிய மிதிச்சா என் பேரு ரஞ்சிதம் இல்ல. அஞ்சு மணிக்குள்ள நானே அடிக்கலன்னா மலையேறி மொட்டை போட்டுக்கிறேன். போடா!"

சொன்ன பிறகுதான் இடுப்பைத் தாண்டித் தொங்கும் சடை ஞாபகத்துக்கு வந்தது. வந்தால் என்ன? சொன்னது சொன்னதுதான். இந்த ஊரில் மொட்டை விஷயத்தில் விளையாட முடியாது.

எழுத்துக்கு ஏற்ற ஃபாண்ட் இல்லாவிட்டால்தான் இப்படிக் கட்டம் வரும். நல்ல தமிழ் ஃபாண்ட் ஒன்றை இறக்கி, ஃபாண்ட் ஃபோல்டரில் போட்டு, கட்டளை கொடுத்துப் புதுப்பித்தாள். கட்டம் அசையவில்லை.

ஒன்றுக்கு நாற்பதாக இறக்கினாள். பத்திரிகை அப்படியே இருந்தது. கம்ப்யூட்டரின் மெனு மட்டும் கல்யாணப் பத்திரிகையின் அலங்கார எழுத்துக்கு மாறி, எங்கே 'சேமி', எங்கே 'அழி' என்றே தெரியாமல் வளைந்து நெளிந்தது.

"பழசும் புதுசும் சண்டை போடுது" என்று தீர்ப்பு எழுதி, இரண்டும் இருந்த ஃபாண்ட் ஃபோல்டரை மொத்தமாக அழித்தாள். கம்ப்யூட்டரைத் திரும்பப் போட்டதும் மெனு கட்டம், ஃபைல் பெயர் கட்டம், மூலையில் இருந்த கடிகாரமும் கட்டம்.

"மணி எத்தினிக்கா?" என்றான் நவீன்குமார்.

"உனக்கு நேரம் சரியில்ல, அத்த மட்டும் தெரிஞ்சுக்கோ!"

அவளுக்கு அழுகை முட்டியது. இவன் முன்னால் அழுவதற்கு மொட்டையே தேவலை. சடையைத் தூக்கிக் கொண்டையாகச் செருகிக்கொண்டாள். படம் ஏதுமில்லாத கறுப்புத் திரைக்குப் போனாள். அங்கே எழுத்து தெரிந்தது. அழித்ததையெல்லாம் கட்டளை கட்டளையாகத் தட்டித் திரும்ப ஏற்றினாள். மெஷினை மறுபடி போட்டதும் மெனு தமிழில் சிரித்தது. கடிகாரம் நாலே முக்கால் காட்டியது.

"பாத்தியாடா!" என்று கத்தியபடி பத்திரிகையைத் திறந்தாள்.

காலிக் கட்டங்கள்.

நவீன்குமார் மரியாதையாக மலைப்பக்கம் கையைக் காட்டினான். அந்த நேரம் பார்த்து, மொட்டைத் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு கஜபதி படியேறினார்.

"ஆச்சாம்மா?"

"நாப்பது தமிழ் ஃபாண்டு போட்டுட்டேன் நைனா. உங்க பத்திரிகை மட்டும் அசைய மாட்டேங்குது. ஆனா அடிக்காம உட மாட்டேன்!"

கஜபதி சந்தனத் தலையைத் தடவியபடி அவளைப் பார்த்தார்.

"தமிழு இன்னாத்துக்கும்மா? சம்மந்தி ஊரு நகரி, பத்திரிகை தெலுங்காச்சே! காலைல நீ தெலுங்குல திட்டிகினு இருந்தத கேட்டுத்தானே எதிர்க்கடைய உட்டுட்டு உங்கிட்ட குடுத்தேன்."