இரண்டு செகண்ட்

மனித குலம் இதுவரை நேரத்தை வீணடித்தே வந்திருக்கிறது. அந்த இழுக்கைத் துடைக்கவே பிறந்தவர் நம் சைக்கிள் வீரர். அவருடைய துறை 'நேரப் பந்தயம்'. கூட்டமாக ஓட்டுகிற கூச்சல் இதில் கிடையாது. ஒவ்வொருவராகப் புறப்பட வேண்டும். எதிரிகள் இருவர்தான்: கடிகாரம், காற்று.

காற்றை ஒடுக்க ஐவர் கொண்ட உயர்நிலைக் குழு இருந்தது. நான்கு மணி நேரம் கூடிப் பேசி ஒரு செகண்டைச் சேமிக்கும். முதலில் கால் முடி போயிற்று. பிறகு கல்யாண மோதிரம் 'காற்றுத் தடை' என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டு, மேசை இழுப்பறைக்குள் போயிற்று.

இறுதிப் பந்தயத்தன்று மனைவி நிறைமாதம்.

"வலி எடுத்தா என்ன பண்றது?"

"கோச்சுக்குப் போன் பண்ணு. பின்னாடியே கார்ல வருவாரு. என் காதுல ரேடியோ இருக்கும். அவர் சொன்ன உடனே இறங்கிடுவேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

புறப்படும் மேடையில்தான் அவருக்கு ஞானம் பிறந்தது. ரேடியோ ஒயர் கழுத்தோரம் துருத்திக்கொண்டிருக்கிறதே! காற்று மோதினால் இரண்டு செகண்ட் போய்விடுமே! பிடுங்கி, சைக்கிள் சாயாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஊழியரின் கையில் திணித்துவிட்டுப் பறந்தார்.

பதினோராவது கிலோமீட்டரில் கோச்சின் கார் ஹாரன் அடித்தது. வீரருக்குப் புல்லரித்தது, அழுத்தி மிதித்தார். கோச் பாதி உடம்பை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக் கையாட்டினார். இன்னும் அழுத்தி மிதித்தார். இப்படி ஒரு உற்சாகத்தை அவர் வாழ்நாளில் கண்டதில்லை.

இரண்டு செகண்ட் வித்தியாசத்தில் வென்றார்.

"ஏன்டா நிக்கல? ரேடியோல தொண்டை கிழியக் கத்துனேனே! பொண்ணு பொறந்தாச்சு. உன்னவிட வேகமா வந்துட்டாடா!"

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார்!"

அடுத்தது ஊக்கமருந்துச் சோதனை. சிறுநீர் தராமல் வெளியே விட மாட்டார்கள். உடம்பிலோ சொட்டுத் தண்ணீர் இல்லை. நாட்டின் அதிவேக மனிதர், குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இரண்டேகால் மணி நேரம் நின்றார்.

ஆஸ்பத்திரியில் மனைவி கேட்டாள். "ரேடியோல சொன்னாராமே?"

"கழட்டிட்டேன்மா. ரெண்டு செகண்ட் போயிடும்னு..."

"எத்தனை செகண்ட்ல ஜெயிச்சீங்க?"

"ரெண்டு." பெருமையை மறைக்க அவரால் முடியவில்லை.

அவள் நர்ஸ் பக்கம் திரும்பினாள். "சிஸ்டர், பார்வையாளர் நேரம் முடிஞ்சிடுச்சா?"

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கேம்மா."

"இவருக்கு முடிஞ்சிடுச்சு."

பெற்ற மகளை முதன்முதலாகப் பார்க்க அவர் எடுத்துக்கொண்ட மொத்த நேரம் நாற்பது செகண்ட். அந்தச் சாதனையை இன்றுவரை எந்தத் தகப்பனும் முறியடிக்கவில்லை.