ஐந்தே நிமிடத்தில் நிரம்பும் கார்

காற்றுத் தூய்மைத் துறை என்று ஒன்று இருந்தால் அதற்கு ஒரு கார் இருக்க வேண்டும். கார் இருந்தால் அது காற்றைக் கெடுக்காமல் இருக்க வேண்டும். இந்த இரண்டு உண்மைகளையும் கண்டறிய எங்கள் துறை பல கூட்டங்கள் நடத்தியது. அதன் பலனாக ஒரு நாள் காலை, ஜீப்பும் இல்லாமல் காரும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே பிறந்த தோற்றத்தில், ஒரு ஹைட்ரஜன் கார் எங்கள் வளாகத்தில் வந்து நின்றது.

சும்மா சொல்லக் கூடாது, நல்ல கார். சத்தம் கிடையாது. புகை கிடையாது. பின்பக்கக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்தான் வரும். எங்கள் இயக்குநர் முதல் நாளே அந்தத் தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்து, புகைப்படக்காரர் தயாராகும்வரை காத்திருந்து, உதட்டருகே கொண்டுபோனார். படம் எடுத்து முடிந்ததும் டம்ளரை டிரைவரிடம் கொடுத்தார். டிரைவர் அதைப் பூந்தொட்டிக்குக் கொடுத்தார். மறுநாள் பத்திரிகையில் "இயக்குநர் அருந்தினார்" என்று வந்தது. செடியைப் பற்றி ஒரு வரி இல்லை.

குறை என்று பார்த்தால், வாயுத் தொட்டிகள் இடத்தை அடைத்துக்கொண்டதால் டிக்கியில் ஒரு குடையை மட்டும் வைக்கலாம். அதையும் படுக்க வைக்க வேண்டும். இன்னொன்று, ஹைட்ரஜன் நிரப்பும் நிலையம் நாட்டிலேயே ஒன்றுதான் இருந்தது. அது தொலைவில் உள்ள துறைமுக நகரத்தில் இருந்தது. அங்கே போய் முழுசாக நிரப்பிக்கொண்டு வந்தால், ஊர் சேரும்போது பாதிதான் மிச்சமிருக்கும். அந்தப் பாதி மறுபடி நிரப்பப் போவதற்கு வேண்டும். ஆக, ஊருக்குள் ஓட்டினால் நிரப்பப் போக முடியாது, நிரப்பப் போக வேண்டுமானால் ஊருக்குள் ஓட்டக் கூடாது.

வெள்ளையும் சொள்ளையுமாக வந்து நிற்பார், வாயைத் திறக்க மாட்டார், ஆனால் அவர் கேட்பது நம் ஊரில் கிடைக்காது. அதனால் நாங்கள் காருக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தோம்.

இயக்குநர் வாராவாரம் திங்கட்கிழமை மாப்பிள்ளையில் ஏறி ஊரை ஒரு சுற்றுச் சுற்றுவார். மக்கள் பார்க்க வேண்டுமல்லவா? அந்தச் சுற்றில் வாயு பாதிக்கும் கீழே போய்விடும். எனவே வழியில் நின்றுபோனால் இழுத்துக்கொண்டு போக, பின்னாலேயே ஒரு டீசல் லாரியை அனுப்பினார்கள். அது மாப்பிள்ளைத் தோழன். தோழன் விடுகிற கரும்புகையில் பின்னால் வருகிறவர்களுக்குச் சாலை தெரியாது. அதைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை, ஏனென்றால் அது வேறு துறையின் லாரி.

இந்த ஏற்பாட்டில் மனமார மகிழ்ந்த ஒரே ஜீவன் நான்தான். என் மனைவி அந்த ஹைட்ரஜன் நிலையத்தின் மேற்பார்வையாளர். கல்யாணமான நாள் முதல் அவள் அங்கே, நான் இங்கே. இடமாற்றம் கேட்டு நான் போட்ட மனுக்களைத் துறை கனிவுடன் பரிசீலித்துக்கொண்டே இருந்தது. கார் வந்த வாரமே நான் இயக்குநரிடம் போனேன்.

"சார், வாயு கண்ணுக்குத் தெரியாது. நிஜமாவே நிரப்புறாங்களான்னு யாராவது கூடப் போய்ப் பாக்கணும்."

"கண்ணுக்குத் தெரியாததை எப்படிப் பாப்பீங்க?"

"கவனமாப் பாப்பேன் சார்."

அன்றே நான் 'நிரப்புதல் கண்காணிப்பு அலுவலர்' ஆனேன்.

ஆனால் பாருங்கள், இந்தக் காரின் பெரிய பெருமையே அது ஐந்தே நிமிடத்தில் நிரம்பிவிடும் என்பதுதான். மின்சாரக் காராக இருந்தால் மணிக்கணக்கில் நிற்கும். அந்தக் காரோடு போகிற பாக்கியசாலிகளை நினைத்துப் பெருமூச்சு விடுவேன். என் மனைவி தலைக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு குழாயை மாட்டுவாள். நான் பக்கத்தில் நிற்பேன்.

"சாப்டீங்களா? இளைச்சுட்டீங்க. அம்மாவுக்குப் பல் வலி தேவலையா?"

"தேவலை. உனக்கு அந்த இருமல்..."

"நிரம்பிடுச்சுங்க."

குடும்பம் நடத்தினோம்.

எப்போதாவது எங்கள் குலதெய்வம் கண் திறக்கும். உள்ளே போகும் வாயுவின் குளிரில் குழாயின் முனை உறைந்து காரோடு ஒட்டிக்கொள்ளும். பனி இளகும்வரை எடுக்க முடியாது. நிலையத்தை நடத்தும் கம்பெனிக்கு அது பழுது, எங்களுக்கு அதுதான் ஞாயிற்றுக்கிழமை.

இப்படி இருக்கையில் மேலிடத்துக் குழு ஒன்று, காரின் நிறைகுறைகளை ஆராய்ந்து அறிக்கை தரும்படி கேட்டது. குறை அதிகமென்றால் காரைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்களாம். இயக்குநர் என்னை அழைத்தார்.

"குறை எழுதலாம். நான் வேணாம்னு சொல்லல. ஆனா காரைக் குறை சொல்லக் கூடாது. வாங்கினது நான்."

"நிறை மட்டும் எழுதட்டுமா சார்?"

"குறையே இல்லேன்னா நம்ப மாட்டாங்க. ஒரு நல்ல குறையா எழுதுங்க."

கார் போனால் ஐந்து நிமிடமும் போகும். யோசித்து யோசித்து இப்படி எழுதினேன்: "காரில் குறை ஏதும் இல்லை. ஹைட்ரஜன் நிலையத்திலிருந்து வெகு தொலைவில் நமது அலுவலகம் அமைந்திருப்பதே காணப்படும் ஒரே குறை. எனவே அலுவலகத்தை நிலையத்தின் அருகே மாற்றலாம்."

இயக்குநர் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். "அதானே பார்த்தேன்! தப்பு நம்ம மேலதான். இதை யாருக்கும் சொல்லாதீங்க. திறப்பு விழாவுக்கு முன்னாடி வெளிய வரக் கூடாது."

என் இடமாற்ற மனுவைப் பரிசீலித்து முடிக்கத் தெரியாத அரசாங்கம், ஒரு முழு அலுவலகத்தையும் மாற்ற உடனே ஒப்புக்கொண்டது.

அடுத்த முறை போனபோது குழாய் ஒட்டிக்கொண்டது. "என்னங்க, ஒட்டிக்கிச்சு!" என்றாள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னபோதுகூட அவள் முகத்தில் அத்தனை பூரிப்பு இல்லை.

"இந்த அஞ்சு நிமிஷப் பொழப்பு சீக்கிரம் முடிஞ்சிடும், பாரு," என்றேன்.

"எனக்கும் அப்படித்தான் தோணுதுங்க," என்று சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று கேட்டிருக்கலாம். நான் என் ரகசியத்தைக் காப்பாற்றும் மும்முரத்தில் இருந்தேன்.

குறித்த நாளில் மேசை, நாற்காலி, மின்விசிறி, பூந்தொட்டி சகிதம் அலுவலகம் லாரிகளில் ஏறியது. முன்னால் மாப்பிள்ளை, பின்னால் தோழன். பாதி வழியில் எதிரே பெரிய பெரிய உருளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு வரிசை லாரி கடந்து போனது. எங்கள் ஆட்கள் கையாட்டினார்கள். அவர்களும் கையாட்டினார்கள்.

துறைமுக நகரத்தில் நிலையம் இருந்த இடத்தில் ஒரு காலிக் கொட்டகை இருந்தது. என் செல்போன் அடித்தது.

"என்னங்க, எங்க இருக்கீங்க? எங்க கம்பெனிக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர் ஒருத்தர்தான், அவர் ஊருக்கே நிலையத்தைக் கொண்டுபோயிடலாம்னு. நல்ல வேளை, பெரிய வளாகம் ஒண்ணு காலியாச்சாம். வந்து பாத்தா உங்க ஆபீஸ் போர்டு மாட்டியிருக்கு. உங்களை மட்டும் காணோம்!"

நான் கொட்டகையின் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. பக்கத்தில் இயக்குநர் மட்டும் நிதானமாகக் கணக்குப் போட்டார். "தூரம் அதேதானே? அப்ப பழைய நடைமுறையே போதும். இந்த ஒரு தடவை மட்டும் தோழன் இழுத்துட்டுப் போகட்டும்." குழுவும் எங்கள் துறையின் வேகத்தைப் பாராட்டியது. இரண்டு ஊர்களிலும் திறப்பு விழா நடந்தது. இரண்டு ஊர் மக்களும் கை தட்டினார்கள். காரணம் யாரும் கேட்கவில்லை.

இப்போது மாப்பிள்ளை துறைமுக நகரத்திலிருந்து பழைய ஊருக்குப் போய் நிரப்பிக்கொண்டு வருகிறார். ஒரே ஒரு மாற்றம். அலுவலகத்தோடு போன எல்லாருடைய குடும்பமும் பழைய ஊரிலேயே இருக்கிறது. ஆகவே கணக்கர், தட்டச்சர், காவலாளி என்று எல்லாருமே நிரப்புதல் கண்காணிப்பு அலுவலர்கள் ஆகிவிட்டார்கள். மாப்பிள்ளைக்குப் பின்னால் தோழன், தோழனுக்குப் பின்னால் ஒரு டீசல் பேருந்து. நிலையத்தின் வாசலில் பெண்டாட்டி பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். குழாயைக் கழற்றியதும் பேருந்து ஹாரன் அடிக்கும்.

போன வாரம் குழு மறுபடி நிறைகுறை கேட்டது. இயக்குநர் அறைக் கதவைச் சாத்தினார். அவருடைய மனைவியும் பழைய ஊரில்தான்.

"குறைன்னு ஏதாவது?" என்றார், தணிந்த குரலில்.

"ஒண்ணு இருக்கு சார். அஞ்சே நிமிஷத்துல நிரம்பிடுது."

"கார் கம்பெனிக்காரன் அதைப் பெருமைன்னுல்ல போட்டிருக்கான்?"

"அவன் குடும்பத்தோட இருக்கான் சார்."

இயக்குநர் ஜன்னல் வழியே மாப்பிள்ளையைப் பார்த்தார். பிறகு அறிக்கையை வாங்கி, தன் கையாலேயே சேர்த்து எழுதினார்: "பொறுக்க முடியாத குறை. உடனடி நடவடிக்கை தேவை."