வியட்நாம் ரேட்டில் ஒரு லெந்து

உலகத்தில் எந்த ஊரில் பீர் என்ன விலை என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியும். எங்கள் வீட்டுக்கு வரும் பால் பாக்கெட் என்ன விலை என்று கேட்டால் மட்டும் மேலே பார்ப்பார். ஃபேனில் எழுதி ஒட்டியிருக்கிற மாதிரி.

அவர் பெயர் ஐசக். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் கார்கோ ஆபீசில் வேலை. வெளிநாடு போய் வந்தவர்களை அங்கே தினமும் பார்க்கிறார். அவர்கள் கோபுரம் பார்த்தேன், கடல் பார்த்தேன் என்று சொல்வார்கள். இவர் கேட்பது ஒன்றே ஒன்று.

"அங்க பப்ல ஒரு கிளாஸ் என்ன ரேட்டு சார்?"

கேட்டதை எல்லாம் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் ஒப்பிப்பார். "பிராக்ல இருநூத்தி நாப்பதாம் கெசியா. ஜெர்மனில நானூறாம். நம்ம ஓ.எம்.ஆர். ரோட்டு பப்ல மட்டும் ஒரு கிளாஸ் அறுநூத்தம்பது! அநியாயம் இல்ல?"

"அநியாயம்தாங்க" என்பேன். கண் பாதி மூடியிருக்கும்.

எனக்கு அநியாயம் வேறு. எங்கள் மகள் ஜெரூஷாவுக்கு எட்டு மாதம். பகலில் நான் சமைக்கும்போது தூங்குவாள். நான் படுத்தால் எழுந்துகொள்வாள். எட்டு மாதமாக நான் முழுசாகத் தூங்கவில்லை. ஒருநாள் ரசத்தில் பெருங்காயத் தூளுக்குப் பதிலாகக் குழந்தைப் பவுடரைப் போட்டுவிட்டேன். அவர் சாப்பிட்டுவிட்டு, "வாசனையா இருக்கே" என்றார்.

நான் அவரிடம் கேட்டது நகை இல்லை, புடவை இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள், நான் தூங்கணும். அவ்வளவுதான்.

"சனிக்கிழமையா? வாரத்துக்கு ஒரு நாள், ஒரே ஒரு கிளாஸ். அதுவும் கூடாதா?" என்பார். சம்பளத்தை அப்படியே என் கையில் கொடுக்கிற மனுஷன். மனசு கேட்காது. சனிக்கிழமை ஆனால் அறுநூத்தம்பது ரூபாயை எண்ணிக் கொடுப்பேன். அஞ்சு மணிக்குப் போவார். பத்து மணிக்கு வருவார். ஒரு கிளாஸ் குடிக்க அஞ்சு மணி நேரம். நிதானமான மனுஷன்.

இப்படி இருக்கும்போது லெந்து வந்தது. ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள். எங்கள் சபையில் வீட்டுக்கு ஒரு காணிக்கைக் கவர் கொடுப்பார்கள். பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும். விட்டதன் விலையைக் கவரில் போட்டு, ஈஸ்டர் காலையில் படைக்க வேண்டும். போன மூணு வருஷமும் இவர் விட்டது பாகற்காய். இவர் பிறந்ததிலிருந்தே பாகற்காய் சாப்பிட்டதில்லை.

இந்த வருஷம் சபைப் போதகர் பிரசங்கத்தில், "பிடிக்காததை விடுவது லெந்து அல்ல" என்றார். இவரைப் பார்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

லெந்து தொடங்குகிற சாம்பல் புதன் அன்று ஹால் நடுவில் நின்று அறிவித்தார்.

"கெசியா, இந்த லெந்துக்கு நான் பீரை விட்டுட்டேன்!"

கண்ணில் தண்ணீர் வந்தது. பக்தியில் என்று அவர் நினைத்துக்கொண்டார். ஏழு சனிக்கிழமை தூக்கம் என் கண் முன்னால் வரிசையாக நின்றது.

முதல் சனிக்கிழமை. அஞ்சு மணி. வீட்டில்தான் இருந்தார். கையை நீட்டினார்.

"அறுநூத்தம்பது குடு."

"எதுக்குங்க? விட்டுட்டீங்களே."

"விட்டுட்டேன். அத நானே பத்திரமா வச்சுக்கறேன்."

"விட்டதோட வில கவருக்குத்தானே போவணும்?"

பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"இங்க பாரு. நான் விட்டது பீரைத்தானே? ஏசியை விட்டேனா? பாட்டை விட்டேனா? அந்த அறுநூத்தம்பதுல ஏசி, பாட்டு, வரி எல்லாம் இருக்கு. வெறும் பீரோட வில என்ன தெரியுமா? வியட்நாம்ல ரோட்டோரம் ஒரு கிளாஸ் நாப்பது ரூபா. கவர்ல நாப்பது போடு. ஆண்டவருக்கு ஏசி எதுக்கு?"

"சரிங்க. வெளிநாட்டு ரேட்டே போடலாம்."

அவர் முகம் மலர்ந்தது.

"ஆனா வியட்நாம்ல நமக்கு யாரையும் தெரியாதே. காணிக்க விஷயம், பொய்யாயிடக் கூடாது. நமக்குத் தெரிஞ்சவங்க இருக்கிற ஊரா கேட்போம்" என்று ஃபோனை எடுத்தேன்.

"யாருக்குப் போடற?"

"ஆஸ்டினுக்கு."

ஆஸ்டின் இவர் தம்பி. நார்வேயில் வேலை. திரையில் குல்லாயோடு வந்தான்.

"அண்ணி! குட்டி எப்படி இருக்கா?"

"இருக்காப்பா. அங்க பப்ல ஒரு பீர் என்ன வில?"

"அத ஏன் கேக்கறீங்க, ஆயிரம் ரூபா தாண்டுது! நான் இங்க தொடறதே இல்ல. அண்ணன்தான் ஈஸ்டருக்கு ஊருக்கு வா, ஏழு வாரக் காச சேத்து வைக்கிறேன், பெரிய ஓட்டல் பப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்னு..."

ஐசக் ஃபோனுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினார். ஆஸ்டினுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

ஃபோனை வைத்தேன். ஆயிரம் ரூபாயை எண்ணினேன்.

"ஐயோ, இரு! நார்வே வேணாம். உண்மையச் சொல்லிடறேன்." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "நான் ஓ.எம்.ஆர். பக்கமே போனதில்ல. தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால ஒரு சின்ன பார். ஃபேன்கூட ஓடாது. பாட்டில் இருநூறுதான். இருநூறு போடு, போதும்."

"அப்படிங்களா? அப்ப மிச்சம் நானூத்தம்பது வாராவாரம் எங்கங்க போச்சு?"

ஜெரூஷாகூட அவரையே பார்த்தாள்.

"சொல்லுங்க."

"இன்னும் ரெண்டு பாட்டில்."

"மூணு பாட்டில் அறுநூறு. அம்பது?"

"...சுண்டல்."

"அப்ப அறுநூத்தம்பது சரியாத்தாங்க இருக்கு" என்று கவரில் போட்டேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. தெம்பு இருந்தால் அதைத் தூங்கத்தான் செலவு செய்வேன்.

"காசு கவருக்குப் போயிடுச்சு. அந்த அஞ்சு மணி நேரத்தையும் விட்டீங்களே, அத எந்தக் கவர்ல போடறது?" என்று ஜெரூஷாவைத் தூக்கி அவர் மடியில் வைத்தேன். "இவ பேர்ல போடுங்க."

கதவைச் சாத்திக்கொண்டு படுத்தேன்.

முதல் சனிக்கிழமை மூணு தடவை எழுப்பினார். "இந்த டயப்பர்ல முன்பக்கம் எது?" ரெண்டாவது சனிக்கிழமை ஒரே தடவை. மூணாவது சனிக்கிழமை ஒரு சத்தமும் இல்லை. பயந்து எழுந்து வந்து பார்த்தேன். பிள்ளையைத் தோளில் போட்டு ஹாலில் நடந்துகொண்டிருந்தார். "ஸ்பெயின்ல முன்னூறு... ஜப்பான்ல நானூறு..." என்று மெதுவாக முனகிக்கொண்டு. இதைக் கேட்டு எனக்குக் கண் சொக்குவது அதிசயமில்லை. எட்டு மாதப் பிள்ளையும் சொக்கிப்போய்க் கிடந்தது. நான் சத்தமில்லாமல் திரும்பிப் போய்ப் படுத்தேன்.

ஈஸ்டர் வந்தது. கவரைப் படைத்தோம். ஆஸ்டினும் வந்து இறங்கினான். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் அண்ணனும் தம்பியும் தேய்த்த சட்டை போட்டு சென்ட் அடித்துக்கொண்டு நின்றார்கள். அறுநூத்தம்பதை எண்ணி நீட்டினேன்.

ஐசக் வாங்கிக்கொண்டு செருப்பில் கால் நுழைத்தார். ஜெரூஷா பார்த்தாள். வீறிட்டாள். நான் தூக்கினேன், வளைந்து முறுக்கினாள். ஆஸ்டின் தூக்கினான், அவன் தாடியைப் பார்த்து இன்னும் பெரிதாக அழுதாள். அப்பா தூக்கினார். டக்கென்று நின்றது. தோளில் சாய்ந்து விரலைச் சப்பினாள்.

தூங்கிவிட்டாள் என்று ஆறு மணிக்குத் தொட்டிலில் போட்டார். எழுந்துவிட்டாள். ஏழு மணிக்குப் போட்டார். எழுந்துவிட்டாள். எட்டு மணிக்கு ஆஸ்டின் சோபாவிலேயே குறட்டை விட்டான், தேய்த்த சட்டையோடு.

"கெசியா" என்று ஹாலில் நடந்துகொண்டே கெஞ்சினார். "இவ எப்பதாம்மா என்னைய விடுவா?"

நான் தலையணையைத் தட்டிப் போட்டேன்.

"ரொம்பப் பிடிச்சதைத்தானே விடணும்? அடுத்த லெந்துக்கு உங்கள விடச் சொல்றேங்க."