தொண்ணூத்தொரு வெள்ளித் தோள்பட்டை

"வயசாச்சு. தோள்பட்டையும் போச்சு. ஒரு வருஷ கான்ட்ராக்ட் குடுத்தாலே பெரிசு. ரெண்டு வருஷம்னு கேட்டா சிரிப்பானுங்க."

கண்ணாடிக் கதவுக்கு உள்ள பாஸ் இப்ராஹிம் போன்ல பேசிக்கிட்டு இருந்தாரு. வெளிய ஸ்டாக் ரிப்போர்ட்டோட நின்ன சிவநேசனுக்கு, கதவைத் தட்டத் தூக்கின கை அந்தரத்துலயே நின்னுருச்சு. அந்தக் கையிலதான் வலி. டிசம்பர்ல பெட்டி தூக்கினப்ப தோள்பட்டையில பிடிச்சது, மார்ச் வந்தும் விடல.

சிவநேசனுக்கு வயசு அறுபத்தொண்ணு. பினாங்கு பாயான் லெபாஸ்ல இருக்கிற அந்த பேக்டரி ஸ்டோர்ல முப்பத்தொரு வருஷம். இப்ராஹிமும் அதே வருஷம்தான் என்ஜினியரா சேர்ந்து, இப்ப பாஸா இருக்காரு. சிவநேசனை அறுபதுல ரிட்டையர் பண்ணி, ஒரு வருஷ கான்ட்ராக்ட்ல திரும்ப எடுத்தாங்க. இந்த மாசக் கடைசியில அதுவும் முடியுது. சின்ன மக பிரமிளா படிப்பு முடிய இன்னும் ரெண்டு வருஷம். அதனால ரெண்டு வருஷம் வேணும்னு விண்ணப்பப் பாரம் எழுதிக் குடுத்து மூணு வாரம் ஆச்சு. பாஸ் வாயிலேர்ந்து பதில் இல்ல.

இதான் பதில் போல.

ரிப்போர்ட்டைக் கதவுக்கு அடியில தள்ளிட்டுத் திரும்பினாரு. எதிர்ல எச்.ஆர். அமீரா. மூணு வாரமா இவரைத் தேடிக்கிட்டு இருக்காங்க, இவரும் பயந்து நழுவிக்கிட்டே இருக்காரு.

"அண்ணே, ஒரு நிமிஷம் என் ஆபீசுக்கு வாங்களேன். அந்த லெட்டர்..."

"லோரி வந்து நிக்குதும்மா!"

லோரி எதுவும் வரல. சிவநேசன் ஓடினாரு.

ஸ்டோர்ல போர்க்லிப்ட் ஓட்டுற ஷேக் அலாவுதீன் கதை முழுக்கக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு.

"அலமாக்! அது உங்களப் பத்தி இல்லண்ணே. பாஸ்பால்!"

பேஸ்பால்தான். ஆனா அந்த பேக்டரியில யாரும் அப்படிச் சொல்றதில்ல. பாஸோட விளையாட்டு, அதனால பாஸ்பால். அமெரிக்காவுல படிக்கப் போன இப்ராஹிம் ஒரு சர்ட்டிபிகேட்டும் இந்தப் பைத்தியமும் வாங்கிக்கிட்டு பினாங்குக்குத் திரும்பினாரு. ஆட்டம் நடக்கிற மாசங்களைக்கூடத் தாங்கிக்கலாம். ஆட்டமே இல்லாத நாலு மாசம் இருக்கே, அதுதான் கொடுமை. எவனுக்கு எத்தனை வருஷம் கான்ட்ராக்ட், எந்த டீம் முதலாளிகிட்ட காசு இல்ல, எவன் இருந்தும் இல்லன்னு நடிக்கிறான், எல்லாத்தையும் கேண்டீன்ல ரொட்டி சானாய் ஆறிப்போற வரைக்கும் சொல்லுவாரு.

மார்ச்ல ஏலம். பாஸோட சேர்த்து எட்டு பேருக்குப் போன்ல ஆளுக்கொரு டீம். கையில நூறு கற்பனை வெள்ளி, அதாவது ரிங்கிட், அதுல பத்து ஆட்டக்காரனை எடுக்கணும். அவனுங்க அங்க அடிச்சா இவங்களுக்கு இங்க மார்க். சிவநேசன் டீமுக்கு ஊர்ப் பேருதான்: 'டத்தோ கிராமாட் லெவன்'. பேஸ்பால்ல ஒன்பது பேருதான்னு யாரோ சொன்னாங்க. ரெண்டு பேரு ஸ்பேர்னாரு. போன வருஷம் எட்டு டீம்ல எட்டாவது.

"விண்டல்னு ஒரு கிழட்டு பிட்சர் இருக்கான்ல, பந்து போடுறவன்?" அலாவுதீன் சொன்னாரு. "நாப்பத்தொரு வயசு. தோளு ஆபரேஷன். அவனுக்குத்தான் எவனும் கான்ட்ராக்ட் குடுக்கல. பாஸ் அவனப் பத்திதான் பேசிருப்பாரு."

சிவநேசனுக்குக் கொஞ்சம் மூச்சு வந்துச்சு. உடனே கோவமும் வந்துச்சு.

"அவனுக்கு என்ன குறைச்சல்? தோளு வலிச்சா ஆளு செத்துட்டானா?"

"எனக்கு என்னண்ணே தெரியும்? நான் போர்க்லிப்ட் ஓட்டுறவன்."

"கிழவனுங்களைப் பத்தி பாஸ் என்ன நினைக்கிறாருன்னு தெரிஞ்சுபோச்சு லா. விண்டலுக்கு இல்லன்னா எனக்கும் இல்ல."

கேண்டீன்ல பார்த்தாரு. பாஸ் இடது கையால கோப்பிக் கப்பைத் தூக்கிக் குடிச்சுக்கிட்டு இருந்தாரு. எப்பவும் வலது கையால மட்டும் சாப்பிடுற மனுஷன்.

"விண்டல் பீச்சாங்கைக்காரன்ணே," அலாவுதீன் காதுல சொன்னாரு. "அவன மாதிரியே செஞ்சு காட்டுறாரு போல."

"கிண்டல் வேறயா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் மீட்டிங் ரூம்ல ஏலம். முதல் ஆளா விண்டல் பேரை எடுத்தாரு பாஸ். அந்த ரூம்ல எழுதாத சட்டம் ஒண்ணு இருக்கு: விண்டல் பாஸோட ஆளு, வேற யாரும் வாய் திறக்கக் கூடாது.

"பாவம், எந்த டீமும் இன்னும் கையெழுத்துப் போடல," பாஸ் சொன்னாரு. "கிழவனுக்கு ஒரு வெள்ளி போதும். நானே எடுத்துக்கிறேன். அடுத்தது..."

"ரெண்டு."

எல்லாரும் திரும்பினாங்க. சிவநேசன்தான்.

"சிவா, இது விண்டல். தெரிஞ்சுதான் கேக்குறீங்களா?"

"தெரியும் பாஸ். ரெண்டு."

"அஞ்சு," பாஸ் இடது கையைத் தூக்கினாரு.

"பத்து."

"அவனுக்குத் தோளு போச்சுங்க!"

"தோளு போனா என்ன பாஸ்? தலை இருக்குல்ல? இருபது."

பாஸ் அவரை ஒரு மாதிரியா பார்த்தாரு. "முப்பது."

மேசைக்கு அடியில அலாவுதீன் சிவநேசன் காலை மிதிச்சாரு. மிதிக்க மிதிக்க இவரு ஏத்தினாரு. எழுபது. எண்பது. பாஸ் தொண்ணூறுன்னாரு. மிச்சம் ஒன்பது பேருக்கு ஆளுக்கு ஒரு வெள்ளி கட்டாயம் வெச்சிருக்கணும், அதனால தொண்ணூத்தொண்ணுக்கு மேல யாராலயும் போக முடியாது.

"தொண்ணூத்தொண்ணு!" சிவநேசன் எழுந்து நின்னே சொன்னாரு. "வயசானவனுக்கு ஒரு வெள்ளின்னு யாரும் விலை வெக்கக் கூடாது பாஸ்!"

பாஸ் நாற்காலியில சாஞ்சுக்கிட்டு, "சரி, எழுதுங்க"ன்னாரு.

மிச்ச ஒன்பது பேரையும் ஆளுக்கு ஒரு வெள்ளிக்கு, யாருக்கும் வேணாத ஆளுங்களா பார்த்து எடுத்தாரு சிவநேசன். அதுல ஒருத்தன் போன வருஷமே விளையாட்டை விட்டுட்டு மீன் பிடிக்கப் போயிட்டானாம்.

வீட்டுல பொண்டாட்டி புஷ்பவள்ளி கரண்டியோட வந்து நின்னாங்க.

"கான்ட்ராக்ட் அந்த மனுஷன் கையில இருக்கு. அவருக்குப் பிடிச்ச ஆளப் பிடுங்கிட்டு வந்திருக்கீங்க?"

"மானப் பிரச்சினை புஷ்பா."

"எவனோ வெள்ளைக்காரன் தோளுக்குத் தொண்ணூத்தொரு வெள்ளி. உங்க தோளுக்கு ஒரு பாட்டில் தைலம் வாங்க மனசு வரல. திங்கக்கிழமை போனதும் அவனத் திருப்பிக் குடுத்துடுங்க."

"சும்மா குடுக்க மாட்டேன்."

"சும்மா குடுக்காதீங்க. குடுங்க!"

திங்கள் காலையில ஏழரைக்கு, அலாவுதீன் சொல்லச் சொல்ல, சிவநேசன் போன்ல பட்டனை அமுக்கினாரு. விண்டலை எடுத்துக்குங்க, பதிலுக்கு உங்க ராஸ்கினைக் குடுங்க. ராஸ்கினுக்கு வயசு இருபத்திமூணு. பாஸ் டீமோட சிங்கம். பாஸ் எப்படியும் மாட்டேன்னுதான் சொல்லுவாரு, நான் விட்டுக் குடுக்க வந்தேன், நீங்கதான் வாங்கலன்னு பேசாம இருந்துடலாம். அதுதான் கணக்கு.

ஒரே நிமிஷத்துல பாஸ் ஓகே குடுத்துட்டாரு.

"பார்த்தீங்களாண்ணே, சமாதானம்!" அலாவுதீன் கை குடுத்தாரு.

எட்டு மணிக்கு நியூஸ் வந்துச்சு. தோள் வலி தாங்கல, இனிமே ஆட மாட்டேன்னு விண்டல் அறிவிச்சுட்டான். ரிட்டையர்.

அலாவுதீன் கையை மெதுவா உருவிக்கிட்டாரு.

அரை மணி நேரத்துல பேக்டரி முழுக்க ஒரே பேச்சு. சிவநேசன் பயங்கரமான ஆளு லா. ரிட்டையர் ஆகப் போறான்னு முன்னாலயே எப்படியோ தெரிஞ்சுக்கிட்டு, கிழவன பாஸ் தலையில கட்டி சிங்கத்தைத் தூக்கிட்டாரு. முப்பத்தொரு வருஷமா ஸ்டோர் ஓட்டின மூளைன்னா சும்மாவா? கேண்டீன்ல கோப்பிக்குக் காசு வேணாம்னுட்டாங்க. லிப்ட்ல ஒரு பையன் செல்பி எடுத்துக்கிட்டான்.

"நான் ஒண்ணும் செய்யலப்பா!"

"அதான் அண்ணே ஸ்டைலு."

பத்து மணிக்கு பாஸ் ஸ்டோர் வழியா போனாரு. சிவநேசனைப் பார்த்தாரு. இடது கையால தன் தோளைத் தடவிக்கிட்டே போயிட்டாரு.

"பாருடா, என் தோளக் குத்திக் காட்டிட்டுப் போறாரு!" சிவநேசனுக்கு ரத்தம் தலைக்கு ஏறிருச்சு.

பின்னாலயே அமீரா. "அண்ணே, அந்த லெட்டர்..."

"லோரிம்மா!"

"மூணு வாரமா எந்த லோரிண்ணே வருது?"

சிவநேசன் உள்ள போய் ஸ்டோர் கதவைச் சாத்திக்கிட்டாரு. வேலையை விட்டு நிறுத்துற லெட்டரை அவங்க குடுத்து இவரு வாங்குறதா? முதல்ல இவரு குடுப்பாரு. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து, தனக்குத் தெரிஞ்ச மலாயில, ஒத்தை விரல்ல தட்டினாரு. ஒரு மணி நேரம் ஆச்சு. விஷயம் இதுதான்:

'துவான், எனக்குத் தோள்பட்டை வலி இருக்கிறது உண்மை. ஆனா முப்பத்தொரு வருஷமா நான் இங்க வேலை செஞ்சது தோள்பட்டையால இல்ல, மூளையால. வயசானவனுக்கு விலை கம்மின்னு நினைச்சா அது உங்க தப்பு. குடுத்தா ரெண்டு வருஷம் குடுங்க. ஒரு வருஷம்னா எனக்கு வேணாம், நீங்களே வெச்சுக்குங்க. ஸ்டோர் சாவி இன்னும் என்கிட்டத்தான் இருக்கு, அதையும் ஞாபகம் வெச்சுக்குங்க.'

கடைசி வரி வேணாம்ணேன்னு அலாவுதீன் கெஞ்சினாரு. அதுதான் இருக்கிறதுலயே நல்ல வரின்னாரு சிவநேசன்.

கதவைத் தட்டாமலே பாஸ் ரூமுக்குள்ள போய் மேசையில வெச்சாரு.

பாஸ் படிச்சாரு. மறுபடியும் முதல்லேர்ந்து படிச்சாரு. எழுந்து போய்க் கதவைச் சாத்திட்டு வந்து மூணாவது தடவை படிச்சாரு.

"சிவா."

"சொல்லுங்க பாஸ். பயமில்ல."

"இது நீங்களே எழுதினதா?"

"ஒவ்வொரு எழுத்தும்."

"இதை நான் வெச்சுக்கலாமா?"

"தாராளமா."

பாஸ் லெட்டரை டிராயர்ல வெச்சாரு. "சாப்ட் காப்பி இருக்கா?"

சாப்ட் காப்பியா? விசாரணை வெக்கப் போறாங்க. எல்லா டிப்பார்ட்மென்டுக்கும் அனுப்பப் போறாங்க. இருந்தாலும் நெஞ்சை நிமித்திக்கிட்டு, அவரு கண்ணு முன்னாலயே வாட்சப்ல அனுப்பிட்டு வெளிய வந்தாரு.

"ஸ்டோர்ல நூத்திரெண்டு அலமாரி இருக்கு," அன்னிக்கு சாயங்காலம் அலாவுதீன்கிட்ட சொன்னாரு. "எதுல என்ன இருக்குன்னு உனக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன். குனிஞ்சு மட்டும் போக மாட்டேன்."

"வீட்டுல அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

"அதுக்கு மட்டும் இன்னும் தைரியம் வரல."

ரெண்டு நாளா புஷ்பவள்ளி கேட்டதுக்கெல்லாம் 'ம்' மட்டும் சொன்னாரு. பிரமிளா பீஸ் பாரத்தை நீட்டினப்ப, மூக்குக் கண்ணாடியைக் காணோம்னு பொய் சொன்னாரு. கண்ணாடி மூக்கு மேலயே இருந்துச்சு.

வியாழக்கிழமை காலையில ஸ்டோர் வாசல்ல அமீரா ரெண்டு கையையும் விரிச்சு வழியை மறிச்சு நின்னுட்டாங்க.

"இன்னிக்கு லோரி வந்தாலும் சரி, கப்பலே வந்தாலும் சரி. இதை வாங்கிட்டுதான் போகணும்."

சிவநேசன் கவரை வாங்கினாரு. சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கிட்டாரு. கிழிச்சாரு.

ரெண்டு வருஷம். ஏப்ரல் ஒண்ணுலேர்ந்து. அடியில பாஸ் கையெழுத்து, சின்னப் பிள்ளை போட்ட மாதிரி கோணலா. தேதியைப் பார்த்தாரு. நாலு வாரத்துக்கு முந்தின தேதி. அவரு பாரம் குடுத்த மறுநாளு.

அலாவுதீன் ஒரு பெட்டியைத் தள்ளி அவரை உக்கார வெச்சாரு.

"அப்ப... போன்ல தோள்பட்டை போச்சு, ஒரு வருஷமே பெரிசுன்னு பாஸ் சொன்னது? நிஜமாவே விண்டலையா? ஐயோ, நான் அந்த லெட்டரைக் குடுத்துட்டேனேம்மா! சாவி அது இதுன்னு மிரட்டி வேற எழுதிட்டேன். அதை எடுத்துக் கிழிச்சுப் போட முடியுமா?"

அமீரா தலையில கை வெச்சுக்கிட்டாங்க.

"அதை ஏன் கேக்குறீங்கண்ணே? பாஸ் போன்ல சொன்னது தன்னையேதான்: அவருக்கும் தோளு போச்சு, அவரு கான்ட்ராக்டும் இந்த மாசம் முடியுது. உங்க லெட்டர்ல பேரை மட்டும் மாத்தி கோலாலம்பூர் ஹெட் ஆபீசுக்கு அனுப்பிட்டு அந்தக் கடைசி வரியை அழிக்க மறந்துட்டாரு, இப்ப அவங்க 'ரெண்டு வருஷம் குடுத்துட்டோம், தயவுசெஞ்சு சாவியைத் திருப்பிக் குடுங்க'ன்னு எழுதியிருக்காங்க!"