என் புல்லும் ஹெஸ்டரின் பிளாஸ்டிக்கும்

அன்புத் தங்கை ஹெஸ்டருக்கு,

உன் அண்ணன் ஆம்ப்ரோஸ் எழுதுவது. நானும் உன் அண்ணி முரியலும் நலம். இங்கே மழையும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, வீட்டுப் பின்னால் விரித்திருக்கும் பிளாஸ்டிக் புல், எல்லோரும் சுகந்தானே?

நாங்கள் இந்தக் கிராமத்துக்குக் குடிவந்த புதிதில் நீ வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, இது புல்தரை இல்ல, பாசிக் குளம். பேசாம என்னை மாதிரி பிளாஸ்டிக்கை விரிச்சுட்டுப் போ" என்று சிரித்தாயே, ஞாபகமிருக்கிறதா? இப்போது கேள். ஊரிலேயே சிறந்த புல்தரைக்கான கோப்பை இந்த வருஷம் எனக்கு! அதைத் தேநீர் மேசை நடுவில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சீனிக் கிண்ணம் வைக்க இடமில்லையென்று முரியல் முணுமுணுக்கிறாள். முணுமுணுக்கட்டும்.

பட்ட பாடு கொஞ்சமா? இலையுதிர் காலத்தில் கம்பி வாரியால் பாசியை வாரினேன். கூடவே புல்லும் வந்து தரை மொட்டையாகிவிட்டது. "ஐயோ, இருந்ததையும் பிடுங்கிட்டீங்களே!"ன்னு முரியல் ஜன்னல்லேருந்து கத்துறா. "அடியே, இது குளிர்ல வளர்ற புல்லு, மண்ணு சூடு ஆறுறதுக்குள்ள விதைச்சா பிச்சுக்கிட்டு வரும்"னு சொல்லி விதைச்சேன். திரும்பிப் பார்த்தா ஊர்ப் புறா பூரா விருந்துக்கு வந்திருக்கு! மறுபடியும் விதைச்சேன். வசந்தத்துல மிச்சப் பாசி கருகட்டும்னு இரும்பு உரம் போட்டேன், வாசல் கல்லெல்லாம் துருக்கறை ஆயிடுச்சு. அப்புறம் வெயில் வந்து, குழாய்த் தண்ணி பாய்ச்சத் தடை வந்து, புல்லு வைக்கோலாட்டம் படுத்துடுச்சு. நாங்க குளிச்ச தண்ணியை வாளி வாளியாச் சுமந்தேன். முதுகு போச்சு, ஆனா பச்சை திரும்பிச்சு!

இதுல பக்கத்து வீட்டு காட்ஃப்ரி இருக்கானே, போன வருஷக் கோப்பை அவனுது. தங்கமான மனுஷன். அப்போ ஊர் விழாக் கயிறு இழுக்கிற போட்டிக்குத் தன் புல்தரையையே விட்டுக்கொடுத்தான். நானும் குதிகாலை ஊன்றி இழுத்தேன், மழை வேற, ஒரே சேறு, அடடா என்ன சந்தோஷம்! அவன் கண் கலங்கி நின்னான். ஆனந்தக் கண்ணீர்னு நினைச்சேன். இந்த வருஷம் எனக்கு விதை கொடுத்தான், பீப்பாய்ல பிடிச்ச மழைத்தண்ணி கொடுத்தான். தன் தரையில முளைச்ச மஞ்சப் பூக் களையை மட்டும் பிடுங்காம விட்டுட்டான். "எனக்கென்னப்பா, நீ ஜெயிக்கணும்" என்றான். பயந்துட்டான், வேறென்ன!

நடுவர் மிஸஸ் பார்ஜிட்டர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, குப்புறப் படுத்தே பார்த்தார். "ஒரு துளி பாசி இல்ல. புல்லு வெட்டின கோடுகளைப் பாருங்க, நூல் பிடிச்ச மாதிரி!" முதலில் கைதட்டியவன் காட்ஃப்ரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஹெஸ்டர். இந்தத் தரையில் நானே காலுறையோடுதான் நடப்பேன். பூனைக்கு அனுமதியே கிடையாது.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் பிளாஸ்டிக்குக்கு என் ஆழ்ந்த அனுதாபம்.

இப்படிக்கு,
கோப்பை வென்ற அண்ணன்,
ஆம்ப்ரோஸ்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மிஸஸ் பார்ஜிட்டர் தோளில் வடக்கயிறோடு வந்து நிற்கிறார். கோப்பை எந்த வீட்டிலோ, கயிறு இழுப்பதும் அந்த வீட்டுப் புல்தரையில்தானாம். காலங்காலமாக ஊர் வழக்கமாம்! ஒரு பயலும் என்னிடம் சொல்லவில்லை. வருகிற சனிக்கிழமை போட்டி; அன்றைக்கு மழையாம். காட்ஃப்ரி வாசலில் உட்கார்ந்து ஆணி பூட்ஸுக்கு மெருகு போடுகிறான், பாட்டு வேறு பாடுகிறான். தங்கச்சி, உன் பிளாஸ்டிக் புல்லைச் சுருட்டி உடனே அனுப்பி வை.